மூலையில் நிற்கும் யானை

போன தடவை உளுந்து விலையைப் பற்றிப் புலம்பியிருந்தேன். இன்றைக்கு வயலை விட்டுக் கொஞ்சம் திண்ணைக்கு வாங்க. செஸ் பற்றிப் பேசணும்.

சிரிக்காதீங்க. மூணு ஏக்கர் வச்சிருக்கிறவனுக்கு செஸ் எதுக்குன்னு என் வீட்டுலயே முப்பது வருஷமாக் கேட்கிறாங்க. எங்க ஊரிலிருந்து நீடாமங்கலம் போகிற வழியில்தான் பூவனூர் இருக்கு. அங்கே சுவாமிக்குப் பேரே சதுரங்க வல்லபநாதர். யாராலும் சதுரங்கத்தில் ஜெயிக்க முடியாத ராஜகுமாரியோடு சிவபெருமானே வயோதிகர் வேஷத்தில் வந்து ஆடி ஜெயித்தார் என்பது தல வரலாறு. சாமியே ஆடியிருக்கும்போது நான் ஆடக்கூடாதா என்பது என் கட்சி. "சாமிக்கு நாத்தங்கால் காயலையே" என்பது அவங்க கட்சி.

விஷயத்துக்கு வர்றேன். மே மாசம் லீவுக்கு அக்கா பேரன் சென்னையிலிருந்து வந்து பத்து நாள் தங்கினான். 11 வயசு. பையிலிருந்து சுருட்டி வைக்கிற செஸ் துணியை எடுத்து விரிச்சான். "தாத்தா, நீங்க ஆடுவீங்களாமே" என்றான். முதல் இரண்டு ஆட்டம் என்னைத் தூக்கிப் போட்டுட்டான். கை அவ்வளவு வேகம். நான் ஒரு மூவ் யோசிக்கிறதுக்குள்ள அவன் காகத்துக்குச் சோறு வச்சுட்டு வந்துடறான். வெள்ளைக்காய் இதை ஆடினா கறுப்பு அதை ஆடணும், அதுக்கு வெள்ளை இதை ஆடணும்னு 12 மூவ் வரைக்கும் மனப்பாடம் பண்ணியிருக்கான்.

மூணாவது ஆட்டத்தில் எனக்குக் கறுப்புக் காய். ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி வச்சேன். நல்ல மூவ் இல்லை, சும்மா ஒரு மூவ். பையன் பலகையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்துட்டான்.

"தாத்தா, இங்க யாரும் இதை ஆட மாட்டாங்க."

"நான் ஆடிட்டேனே."

"அப்போ நான் என்ன ஆடணும்?"

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைக்குது. அதை என்கிட்ட கேட்டான் பாருங்க, பலகையைக் கேட்கலை. அப்புறம் அவசரப்பட்டு ராணியை வெளியே கொண்டுவந்தான். என் குதிரைகளும் மந்திரியும் (பிஷப்பை எங்க ஊரில் மந்திரின்னுதான் சொல்வோம்) அந்த ராணியைத் துரத்திக்கிட்டே ஒவ்வொண்ணா வெளியே வந்துட்டாங்க. எனக்கு ஓசியில் வேலை நடந்தது. கொஞ்ச நேரத்தில் ராணி மாட்டிக்கிச்சு. பையன் காயெல்லாம் கலைச்சுட்டு எழுந்து போயிட்டான். ராத்திரி சாப்பிடும்போது என் சம்சாரத்துகிட்ட மெதுவா, "எனக்கு செஸ் வேணாம் பாட்டி, அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா" என்று கேட்டிருக்கான். இந்த வருஷத்துக்குள்ள ரேட்டிங் ஏறலைன்னா வகுப்பை நிறுத்திடுவோம்னு வீட்டில் சொல்லியிருக்காங்க. வகுப்புக்குப் போகவும் பயம், நிறுத்திடுவாங்கன்னும் பயம்.

குகேஷ் ஜெயிச்சதிலிருந்து பட்டணத்தில் பிள்ளைகளை செஸ் வகுப்புக்கு அனுப்பாத வீடு குறைஞ்சு போச்சு போலிருக்கு. சந்தோஷம்தான். 1988-ல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது நான் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திட்டு ஏர் பிடிச்சுக்கிட்டிருந்தேன். பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்கே இந்தப் பித்து பிடிச்சது. ஆனா பிள்ளைகளுக்கு எதை முதலில் சொல்லிக் கொடுக்கிறாங்க என்பதில் எனக்கு ஒரு சண்டை இருக்கு. நான் கோச் இல்லை. இருபது வருஷம் தோத்தவன். தோத்தவனுக்கும் சொல்றதுக்குக் கொஞ்சம் இருக்கும்.

இருபது வருஷமும் நான் தோத்தது ஒரே ஆள்கிட்ட. எங்க ஊர்த் தபால்கார அண்ணன். இப்போ ரிட்டையர்டு. அவர் பெரிய மேதை எல்லாம் இல்லை. நான்தான் மோசம். என் ஆட்டம் எப்படின்னா, என் முறை வந்தா கை அரிக்கும். எதையாவது நகர்த்தணும். செக் வைக்க முடிஞ்சா வச்சுடுவேன், எதுக்குன்னே தெரியாது. வெட்ட முடிஞ்சா வெட்டிடுவேன். அண்ணன் ஒரு நாள் பலகையை மடிச்சு வச்சுட்டுக் கேட்டார்.

"அந்தச் சிப்பாயை ஏன்டா நகர்த்தினே?"

"சும்மாதாண்ணே."

"சும்மா நகர்த்துறதுன்னா நாளைக்கு வா."

மூணு நாள் இப்படியே திருப்பி அனுப்பினார். நாலாவது நாளிலிருந்து ஒவ்வொரு மூவுக்கும் காரணம் சொல்லிட்டுத்தான் ஆடணும்னு வச்சார். தப்பான காரணமா இருந்தாலும் பரவாயில்லை, காரணம் இருக்கணும். எனக்கு வியர்த்துப் போச்சு. பத்து மூவில் ஏழுக்கு என்கிட்ட காரணமே இல்லைங்கிறது அப்பத்தான் தெரிஞ்சது.

அவர் எனக்குச் சொன்னது இரண்டே கேள்வி. அவன் இப்ப ஆடினானே, எதுக்கு ஆடினான்? நம்ம ஆளுங்களில் வேலை இல்லாம நிக்கிறவன் யாரு?

முதல் கேள்வி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கேட்கிறதுதான் கஷ்டம். நாம ஒரு நல்ல மூவ் மனசுக்குள்ள வச்சிருக்கும்போது எதிராளி என்ன பண்ணினாலும் கண்ணில் படாது. நாலு மூவில் மேட் வாங்குற பிள்ளைகளைப் பாருங்க. எதிராளியின் ராணியும் மந்திரியும் ஒரே சிப்பாயைக் குறி வச்சு நிக்கும், ராஜா பக்கத்து மந்திரிக்கு முன்னால நிக்கிற சிப்பாய். பலகையில் எல்லாமே வெட்டவெளிச்சமா இருக்கு. மறைச்சு வைக்க அங்க ஒண்ணுமே இல்லை. ஆனாலும் விழுறாங்க.

இரண்டாவது கேள்விதான் என் ஆட்டத்தை மாத்துச்சு. நான் தோத்த ஆட்டங்களையெல்லாம் அண்ணன் திரும்ப அடுக்கிக் காட்டினார். அனேகமா எல்லாத்திலும் என் யானை இரண்டும் கடைசி வரைக்கும் மூலையிலேயே நின்னுச்சு. ராணியையும் ஒரு குதிரையையும் வச்சுக்கிட்டு நான் ஓடி ஓடிச் சண்டை போட்டிருக்கேன். ராணிக்கு அடுத்த பலம் உள்ள காய் இரண்டு, கட்டிப்போட்ட மாதிரி கொட்டடியில் நின்னிருக்கு. நடவுக்குப் பத்து ஆள் வந்து, அதில் இரண்டு பேர் நாத்து முடி வந்து சேராம வரப்பில் நின்னா அது அவங்க குத்தம் இல்லை. ஆளைக் கூப்பிட்டவன் குத்தம்.

அதனால, என்ன ஆடுறதுன்னு தெரியாத நிலைமை வந்தா நான் பெரிய தாக்குதல் எதுவும் யோசிக்கிறதில்லை. எந்தக் காய் ரொம்ப மோசமான இடத்தில் நிக்குதுன்னு பார்ப்பேன். அதுக்கு ஒரு நல்ல இடம் தேடுவேன். அங்க போக எத்தனை மூவ்னு எண்ணுவேன். யானைக்கு நல்ல இடம் என்பது சிப்பாய் மறைக்காத நெடுவரிசை. எந்த வரிசையில் சிப்பாய்கள் வெட்டுப்பட்டு வழி திறக்கப் போகுதோ அங்கே முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்தணும். திட்டம்னா பதினஞ்சு மூவ் முன்னாடி பார்க்கிறதுன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தேன். என்னைப் போன்றவங்களுக்குத் திட்டம்னா இந்த மூணு மூவ்தான். அது முடிஞ்சா அடுத்த மூணு. நடுவில் எதிராளி கெடுத்தா வேற மூணு.

இதையெல்லாம் விட முக்கியமா அண்ணன் பண்ணினது, ஆட்டத்தைக் கடைசியிலிருந்து சொல்லிக் கொடுத்தது. கியூபாவிலிருந்து வந்து 1921-ல் உலக சாம்பியனான கபாபிளாங்காவும் இறுதிக்கட்டத்தைத்தான் முதலில் படிக்கணும்னு வற்புறுத்தினவர். அது அப்போ எங்க இரண்டு பேருக்கும் தெரியாது. அண்ணனுக்கு அவர் அப்பா அப்படிச் சொல்லிக் கொடுத்தாராம், அவ்வளவுதான்.

இதுக்கு குகேஷ் ஆட்டத்தையே எடுத்துக்கலாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். பதினாலு ஆட்டத்தில் பதிமூணு முடிஞ்சு இரண்டு பேரும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. கடைசி ஆட்டம். டிங் லிரனுக்கு வெள்ளை. காய்களெல்லாம் வெட்டுப்பட்டுப் போய் ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி. சிப்பாயில் குகேஷுக்கு ஒண்ணு கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம். டிராதான்னு பார்த்துக்கிட்டிருந்தவங்க எல்லாம் சொல்லிட்டாங்க. நானும் போனைக் கவுத்து வச்சுட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போயிட்டேன். (அதுக்கு இன்னிக்கு வரைக்கும் என்னை நானே மன்னிக்கலை.)

குகேஷ் டிரா கேட்கலை. இருக்கிற ஒத்தைச் சிப்பாய் வித்தியாசத்தை வச்சுக்கிட்டு ஆடிக்கிட்டே இருந்தார். டிங்கோட மந்திரி அப்போ பலகையின் ஒரு மூலையில் ஒதுங்கி நின்னுச்சு. 55-வது மூவில் டிங் யானைக்கு யானை மாத்திக்கலாம்னு நகர்த்தினார். காய் குறைஞ்சா டிரா ஆகிடும் என்கிற கணக்கா இருக்கலாம். அந்த மூவைப் பார்த்ததும் தனக்கும் உடனே புரியலைன்னும், வேற மூவ் ஆடப் போயிட்டேன்னும் குகேஷே பிறகு சொன்னார். போன கை நின்னுச்சு பாருங்க, அங்கதான் உலக சாம்பியன் பட்டம். யானையை யானையால வெட்டிட்டு, அடுத்ததா தன் மந்திரியைக் கொண்டுவந்து மூலையில் நின்ன மந்திரிக்கு நேரா நிறுத்தினார். மாத்திக்கிறதைத் தவிர வழியில்லை. மாத்தியாச்சு. பலகையில் மிஞ்சினது இரண்டு ராஜாவும் சிப்பாய்களும். 58-வது மூவில் டிங் கை கொடுத்துட்டார். 18 வயசில் உலக சாம்பியன்.

கடைசியில் மிஞ்சினது எந்தப் புதுத் தியரியும் இல்லை. ராஜாவும் சிப்பாயும். இறுதிக்கட்டத்தில் முதல் பாடமா வைக்க வேண்டியது அது. மாத்திக்கிட்டா என்ன மிஞ்சும், மிஞ்சினதை வச்சு ஜெயிக்க முடியுமா என்கிற கணக்கு ரத்தத்தில் ஊறியிருந்ததால்தான் அவரால் மாத்த முடிஞ்சது. திறப்பு மூவ்களையும் அவர் மலையளவு படிச்சிருப்பார், அதை நான் மறுக்கலை. அந்த மட்டத்தில் அது இல்லாம முடியாது. என் சண்டை 11 வயசுப் பிள்ளையைப் பத்தி. கடைசி தெரியாதவனுக்கு நடுவில் எதை மாத்துறது, எதை மாத்தக்கூடாதுன்னு எப்படித் தெரியும்? அவன் எதை நோக்கித் திட்டம் போடுவான்?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிடணும். செஸ் ஆடினா வாழ்க்கையில் திட்டமிடக் கத்துக்கலாம்னு மேடையில் பேசுறாங்க. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். 2023-ல் ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தாங்க. 100 அடிக்கு மேல் தண்ணி இருந்தது. கண்ணால பார்த்த கணக்கை நம்பி எல்லாரையும் போல நானும் மூணு ஏக்கரிலும் குறுவை வச்சேன். எனக்கு போர் கிடையாது. அதுக்கப்புறம் அந்த வருஷம் கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய தண்ணி வரலை. கதிர் வர்ற நேரத்தில் வாய்க்கால் வறண்டு போச்சு. பாதிக்கு மேல் கருகிடுச்சு. சம்சாரத்தோட சங்கிலி அடகுக்குப் போச்சு. திரும்ப வர ஒண்ணரை வருஷம் ஆச்சு.

அந்தச் சமயத்தில் அண்ணன், "இதுவும் உன் பழைய ஆட்டம்தான்டா" என்றார். எனக்குக் கோபம் வந்துடுச்சு. செஸ்ஸில் எதிராளியின் பதினாறு காயும் கண்ணுக்குத் தெரியுதுண்ணே, இங்க எதிராளி யாருன்னே தெரியலையேன்னு கத்தினேன். வாரம் முழுக்கப் பேசலை. இப்பவும் என் பக்கம் நியாயம் இருக்குன்னுதான் நினைக்கிறேன். வானத்தையும் அணையையும் அறுபத்து நாலு கட்டத்தில் அடக்க முடியாது. ஆனா அவர் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லை. "தண்ணி பாதியில் நின்னா என்ன பண்றதுன்னு ஒரு தடவையாவது யோசிச்சியா?" யோசிக்கலை. எல்லாரும் நட்டாங்க, எனக்கும் கை அரிச்சது. இப்போ ஒரு ஏக்கர் மட்டும்தான் குறுவை. மிச்சம் சம்பாவுக்குக் காத்திருக்கும்.

பையனுக்கு வர்றேன். மறுநாள் காலையில் திண்ணையில் சுண்ணாம்புக்கட்டியால் பெரிய பலகை வரைஞ்சேன். ஒரு சிப்பாய், இரண்டு ராஜா மட்டும் வச்சேன். "இந்தச் சிப்பாய் ஓடுது. எதிரி ராஜா பிடிச்சுடுமா, பிடிக்காதா? எண்ணாம சொல்லு."

அவன் ஒவ்வொரு கட்டமா விரலை வச்சு எண்ணினான். குறுக்கு வழியைச் சொன்னேன். சிப்பாய் நிக்கிற கட்டத்திலிருந்து அது ராணியாகிற கட்டம் வரைக்கும் ஒரு பக்கம். அதே அளவுக்கு, ராஜா இருக்கிற பக்கமா ஒரு சதுரம் போடு. ராஜா தன் முறையில் அந்தச் சதுரத்துக்குள் கால் வைக்க முடிஞ்சா பிடிச்சுடும், முடியலைன்னா விட்டுடும். இன்னும் கிளம்பாத சிப்பாயா இருந்தா இரண்டு கட்டம் தாவும், அதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கோ. பையன் சுண்ணாம்பை வாங்கிக்கிட்டான். திண்ணை பூரா சதுரம். பாட்டிகிட்ட திட்டும் வாங்கினோம்.

அப்புறம் இரண்டு ராஜாவும் நேருக்கு நேரா, நடுவில் ஒரு கட்டம் விட்டு நிக்கிற நிலை. அதுக்கு வயலுக்கே கூட்டிட்டுப் போனேன். ஒத்தையடி வரப்பில் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "இப்ப யார் முறையோ அவன் நகர்ந்தே ஆகணும். நேரா வர முடியாது. என்ன பண்ணுவே?" சேத்துல இறங்கினான். நான் முன்னால நடந்து போனேன். "தாத்தா! மூவ் இருக்கிறவன்தான் தோக்கிறான்!" என்று கத்தினான். வகுப்பிலும் இதைச் சொல்லியிருப்பாங்க. முழங்கால் வரைக்கும் சேறு பட்டா மறக்காது, அவ்வளவுதான்.

போனில் அவன் ஆடுறதையும் பார்த்தேன். மூணு நிமிஷ ஆட்டம், ஒரு நாளைக்கு முப்பது. ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் கம்ப்யூட்டர் சிவப்பில் தப்பைக் காட்டுது. தப்புன்னு காட்டுது, ஏன் அந்தத் தப்பைப் பண்ணினேன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அது என் மண்டைக்குள்ள இருக்கு. பையன் சிவப்பைப் பார்த்துட்டுத் தள்ளிட்டுப் போறான். நான் அவனுக்கு ஒரு நோட்டு கொடுத்தேன், பால் கணக்கு எழுதுற நோட்டு. ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம். எல்லா மூவும் எழுதணும். முடிஞ்சதும் எங்க தப்பாச்சுன்னு அவனே எழுதணும். போன் சொல்றதைக் கடைசியில் பார்க்கலாம். முதல் இரண்டு நாள் முனகினான்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் தபால்கார அண்ணனோடு உட்கார வச்சேன். ஒண்ணரை மணி நேரம். நிஜமாவே யோசிச்சு ஆடினான். தோத்துட்டான். நான் அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து டீ வாங்கப் போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா நோட்டைப் பிரிச்சு வச்சுக்கிட்டு அண்ணன்கிட்ட, "31-வது மூவ்ல நான் யானையை மாத்தியிருக்கக்கூடாது தாத்தா. என்ன மிஞ்சும்னு பார்க்காம மாத்திட்டேன்" என்கிறான். அண்ணன் என்னைப் பார்த்து, "இதைச் சொல்ல உனக்கு எத்தனை வருஷம் ஆச்சு?" என்றார்.

ராத்திரி அவன் அம்மா போன் பண்ணினாள். "ஜெயிச்சானா மாமா?"

"தோத்தாம்மா. நல்லாத் தோத்தான்."

அவளுக்கு அது பிடிக்கலை, குரலிலேயே தெரிஞ்சது. அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். மாசாமாசம் பணம் கட்டுறவளுக்குக் கணக்குக் கேட்க உரிமை இருக்கு. ஒரு வருஷம் ரேட்டிங்கைப் பத்தி வீட்டில் யாரும் பேச வேணாம், தோத்துட்டு வந்தா எந்த மூவ்ல தப்பாச்சுன்னு மட்டும் கேளுங்கன்னு சொன்னேன். உங்களில் செஸ் வகுப்புக்குப் பிள்ளை அனுப்புறவங்க யாராவது இருந்தா உங்ககிட்டயும் அதையேதான் கேட்கிறேன். "பார்க்கலாம் மாமா" என்றாள். இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கிறாள்.

நானும் பையனும் இப்போ போனில் ஒரு ஆட்டம் ஆடுறோம். நாளைக்கு ஒரு மூவ். ராத்திரி அவன் அனுப்புவான், காலையில் நான். 17-வது மூவ் ஓடுது. நேத்து ராத்திரி குதிரையைக் கொண்டுபோய் ஓரத்தில் வச்சிருக்கான். எதுக்குன்னு இன்னும் எனக்குப் பிடிபடலை. நாத்தங்காலுக்குத் தண்ணி வச்சுட்டு வந்து உட்காரணும்.